கலப்பில்லாத தமிழில் ஒரு தொலைபேசி அழைப்பு

அந்தத் தம்பி கடைசியாக என்னிடம் பேசியபோது அவன் பேச்சில் ஓர் ஆங்கிலச் சொல்லோ மலாய்ச் சொல்லோ இல்லை. பினாங்கில் அப்படித் தமிழ் பேசுபவர்களை மேடையில்தான் பார்க்கலாம். அதனாலேயே, அவன் சொன்னதன் பொருள் முழுதாகப் புரியும் முன்பே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என் மகன் மென்பொருள் பொறியியல் படித்து முடித்து, பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த காலம் அது. எங்கே விண்ணப்பித்தாலும் அனுபவம் கேட்டார்கள். வேலை கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும் என்று முதலில் சிரித்துக்கொண்டே கேட்டவன், பிறகு அப்படிக் கேட்பதையும் நிறுத்திவிட்டான். பகலிலும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர். வேலை முடிந்து பேருந்தில் வரும்போதே இன்று அவன் முகம் எப்படி இருக்குமோ என்ற பயம் பிடித்துக்கொள்ளும். அப்படி இருந்தவன் ஒரு மாலை தானாகவே கதவைத் திறந்துகொண்டு வந்து, “அம்மா, கிடைச்சிருச்சு” என்றான். பாங்காக்கில் வேலை. தங்குமிடம் இலவசம். விமான டிக்கெட்டும் அவர்களே போடுவார்கள். முன்பின் தெரியாத ஒருவனுக்கு இதையெல்லாம் ஏன் செய்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன். அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

நிறுவனத்தின் சார்பில் பேசியவன்தான் அந்தத் தம்பி. என் மகன் அவனை அண்ணன் என்பான். பெற்றோரைச் சம்மதிக்க வைப்பதும் அவன் வேலைதான் போலும். முதல் வாரமே என்னை அழைத்தான். “ஆன்ட்டி, நான் நிபோங் திபால் லா. இங்க நம்ம ஆளுங்க நெறைய பேரு. வீக்கெண்ட் ஆனா கறி சமைச்சு ஒரே கலாட்டா. உங்க மகன் குண்டாயிட்டு வந்து நின்னா என்னைத் திட்டக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்.” நான் சிரித்துவிட்டேன். நிறுவனத்தைப் பற்றி விசாரிக்க எனக்கு வழி தெரியாமல் இல்லை. அலுவலகத்தில் அது என் அன்றாட வேலை. ஆனால் கடலுக்கு அக்கரையில் இருக்கும் நிபோங் திபாலைச் சொல்லி, எங்கள் ஊர்ப் பேச்சின் ‘லா’வையும் அவன் சேர்த்ததே எனக்குப் போதுமாக இருந்தது. நம் மக்கள் இப்படித்தான். ஊர்ப் பெயரைச் சொல்லித் தமிழில் நாலு வார்த்தை பேசினால் கதவைத் திறந்துவிடுவோம்.

புறப்படுவதற்கு முதல் நாள், மகன் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தான். அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. அதுவரை ஆன்ட்டி என்றவன் அன்று அம்மா என்றான்.

“அம்மா, சிரிச்ச மாதிரியே கேளுங்க. எனக்குப் பக்கத்துல ஒருத்தன் நிக்கிறான். அவனுக்கு ஆங்கிலம் தெரியும், மலாய் தெரியும். தமிழ் மட்டும் தெரியாது.”

குரலில் அதே பழைய உற்சாகம். யாராவது கேட்டால் சம்பளத்தையும் விடுமுறையையும் விவரிக்கிறான் என்றே நினைப்பார்கள்.

“உங்க மகனை அனுப்பாதீங்க. இங்க மென்பொருளும் இல்ல, ஒன்னும் இல்ல. கணினி முன்னால உட்கார்ந்து ஊர்ல உள்ளவங்கள ஏமாத்திப் பணம் பறிக்கணும். வந்து இறங்கினதும் பயணக் கடப்பிதழைப் பிடுங்கிக்குவாங்க. அப்புறம் வெளியே போக முடியாது. முடியாதுன்னா அடி.” இந்த இடத்தில் ஒருமுறை கலகலவென்று சிரித்தான். “உங்களுக்கு உடம்பு முடியல, மருத்துவமனையில இருக்கீங்க, அதனால வர முடியலன்னு அவனை எனக்குச் செய்தி அனுப்பச் சொல்லுங்க. என்னை அழைச்சு மட்டும் கேட்டுடக் கூடாது. கேட்டா நான் செத்தேன்.”

ஓகே என்று நாக்கு நுனி வரை வந்ததை நிறுத்தி, “சரிப்பா, ரொம்ப மகிழ்ச்சி” என்றேன். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் கேட்கிறது. பிறகு, “உன் வீட்டுல நான் ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டேன். சட்டென்று குரல் மாறியது. “ஓகே ஆன்ட்டி, டிக்கெட் கன்ஃபர்ம் ஆச்சு! தம்பிய ரெடியா இருக்கச் சொல்லுங்க லா!” அதோடு தொடர்பு அறுந்தது.

மகன் திரும்பி வந்தான். புதிதாக வெட்டிய முடியில் அவன் பள்ளிக்கூடப் பையனைப் போல இருந்தான். நான் சொன்னதை அவன் நம்பவில்லை. “அம்மாவுக்கு எப்பவும் பயம்தான் லா. இருங்க, நான் அண்ணன்கிட்டயே கேக்குறேன்” என்று கைப்பேசியை எடுத்தான். அவன் ஒரு வாக்கியம் பேசினால் அதில் நாலு ஆங்கிலச் சொல் இருக்கும். அங்கே பக்கத்தில் நிற்பவனுக்கு அதில் ஒன்று போதும். பாய்ந்து கைப்பேசியைப் பிடுங்கினேன். நகம் பட்டு அவன் மணிக்கட்டில் இரத்தம் வந்தது. நான் அவனை அடித்து வளர்த்தவள் இல்லை. அந்த இரத்தத்தைப் பார்த்தபிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் சொல்லச் சொல்ல, மருத்துவமனைப் பொய்யை அவனே எழுதி அனுப்பினான்.

அந்தத் தம்பிக்காகப் போலீசில் புகார் கொடுத்தேன். காணாமல் போனவர் பெயர் என்ன என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. பட்டர்வொர்த் வழியாக நிபோங் திபால் போய்க் கோயிலிலும் கடைகளிலும் விசாரித்தேன். வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளையா, எந்தப் பிள்ளை என்று திருப்பிக் கேட்டார்கள். அவன் என்னை அழைத்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை. என் மகனுக்கு இங்கேயே ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பிறர் எழுதிய நிரலில் பிழை தேடுகிறானாம். மாலையில் அவன் சாவி பூட்டில் திரும்பும் சத்தம் கேட்கும் வரை நான் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் மதிய உணவு நேரத்தில் ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. இளம்பெண் குரல். “ஹலோ ஆன்ட்டி, உங்க சன் சாஃப்ட்வேர்ல ஜாப் தேடுறாராமே? நம்ம கம்பெனியில வேக்கன்சி இருக்கு.”

துண்டிக்கத்தான் விரல் போனது. துண்டிக்கவில்லை. ஓர் ஆங்கிலச் சொல்லும் கலக்காமல் கேட்டேன்: “உன் பக்கத்துல யாரும் நிக்கிறாங்களாம்மா?”

அவள் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.

“ஆமா ஆன்ட்டி, ஆமா! சேலரி ரொம்ப நல்லா இருக்கும்!”

“அப்படியே சிரிச்சுக்கிட்டே பேசு,” என்று சொல்லிப் பேனாவைத் தேடி எடுத்தேன். “முதல்ல உன் பெயரைச் சொல்லும்மா.”