புகை குளிர்விக்குமா, சூடாக்குமா: காங்கேயத்துக்கு இரண்டாம் முறை

1997 ஜனவரியில் நான் மறுபடி காங்கேயம் போனதற்கு ஒரே ஒரு கேள்விதான் காரணம். கல்லூரியில் இயற்பியல் நடத்தி அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். மூன்று வாரம் முன்பு அங்கே ஒரு விவசாயிகள் கூட்டத்தில், நாம் எரிக்கும் கரியிலிருந்து வரும் வாயு பூமியைச் சூடாக்குகிறது என்று பேசினேன். கொப்பரைக் களம் நடத்தும் செல்லம்மாள் எழுந்தார்.

"ஏனுங்க சார், செங்கச் சூளைப் புகை மூடுனா எங்க களத்துல வெயிலே உறைக்கறதில்லீங்க. கொப்பரை காய ஒரு நாள் கூட ஆவுது. நீங்க சூடாவுதுங்கறீங்க?"

பார்த்துச் சொல்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் சிரித்தது. முப்பது வருடம் நடத்திய பாடம் எனக்கே புரியவில்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

சிங்காநல்லூரில் காலை 6.40க்கு பஸ். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். இடப்பக்கம் உட்காருங்கள், முகத்தில் வெயில் அடிக்காது. 8.25க்கு இறங்கினேன். களம் ஒன்றரை கிலோமீட்டர், நடந்தேன். வாசல்வரை போய், பயந்து டீக்கடைக்குத் திரும்பியதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி போனேன்.

"வாங்க சார். பதிலைக் கையோட கொண்டாந்தீங்களா, இல்ல இன்னும் பாத்துட்டே இருக்கறீங்களா?" என்றார் செல்லம்மாள். ஆட்கள் சிரித்தார்கள்.

ஆறு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டு, எதிரே கிடந்த தார்ப்பாயைக் காட்டினேன்.

"பகல்ல இதைத் தூக்கிக் கட்டினா?"

"நெழலுங்க."

"ராத்திரி நீங்க கம்பளி போத்தினா?"

"ஒடம்புச் சூடு வெளிய போகாதுங்க."

"சூளையிலிருந்து ரெண்டும் வருதும்மா. கண்ணுக்குத் தெரியிற தூசும் புகையும் பெரும்பாலும் நிழல். கண்ணுக்குத் தெரியாத கரியமில வாயு கம்பளி. நிழலை நாலு மழை கழுவிடும். கம்பளி பேரன் பேத்தி காலத்துக்கும் நிக்கும். வருஷா வருஷம் அதுமேல இன்னொண்ணு போத்துறோம்."

செல்லம்மாள் சூளைப் பக்கம் பார்த்தார். "அப்ப நெழல் இருக்கறதாலதான் கம்பளிச் சூடு முழுசா தெரியாம இருக்குதுங்களா? புகை மட்டும் நின்னுபோச்சுன்னா இன்னும் சுள்ளுனு அடிக்குமுங்களே!"

என் ஆறாம் பக்கத்தில் இருந்தது அதுதான். சந்தோஷத்தில் கைதட்டிவிட்டேன், வெட்கமே இல்லாமல்.

"அட, எல்லாரும் கொப்பரையை வெச்சுப்போட்டு இங்க வாங்க!" என்று கூப்பிட்டார். "சார், மொதல்ல இருந்து சொல்லுங்க." சொன்னேன். காகிதம் சட்டைப்பையைவிட்டு வெளியே வரவேயில்லை. யாரும் சிரிக்கவில்லை.

கடைசி பஸ் பற்றிக் கவலை வேண்டாம், அடிக்கடி உண்டு. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். எங்காவது பேசப் போய்ப் பதில் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஆனால் பதிலோடு அங்கே திரும்பிப் போக ஒரு டிக்கெட்டுக்குக் காசு எடுத்து வையுங்கள்.