இஷ்டக் காது

என் தங்கையின் காதை முதன்முதலில் பரிசோதித்தவர் எங்கள் அப்பா. அதற்கு அவர் எடுத்த கருவி உலக்கை. அவளுக்கு அப்போது ஆறு வயதிருக்கும். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா நாலு தரம் கூப்பிட்டும் திரும்பவில்லை. அப்பா சுவரில் சாத்தியிருந்த உலக்கையைத் தூக்கி அவளுக்குப் பின்னால் ஓங்கிப் போட்டார். தரையே அதிர்ந்தது. அவள் துள்ளி எழுந்தாள். “பாத்தியா? காதுல்லாம் நல்லாத்தான் கேக்குது. திமிரு” என்றார் அம்மாவிடம். பரிசோதனை முடிந்தது. அதற்குப் பிறகு பதினாறு வருஷம் அந்தத் தீர்ப்பை யாரும் மாற்றி எழுதவில்லை. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வில்லியனூருக்குத் தெற்கே, மாதா கோயிலை ஒட்டி இருந்தது எங்கள் தெரு. அப்பாவுக்கு இரண்டு காணி நிலம், பாதி நெல், பாதி கரும்பு. கோயில் மணி அடித்தால் தங்கை நிமிர்ந்து பார்ப்பாள். கரும்பு லாரி தூரத்தில் உறுமும்போதே வாசலுக்கு ஓடுவாள். இடிக்குப் பயந்து என் பாவாடைக்குள் முகத்தைப் புதைப்பாள். இதெல்லாம் அவளுக்கு எதிரான சாட்சிகளாகிவிட்டன. “மணி கேக்குது, லாரி கேக்குது, நான் கூப்ட்டா மட்டும் கேக்கலியா ஒனக்கு?” என்று அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். பள்ளிக்கூடத்து டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே கேள்வி கேட்பார். எல்லாப் பிள்ளைகளும் பதில் சொல்ல, இவள் மட்டும் பேசாமல் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த டீச்சர்தான் ‘இஷ்டக் காது’ என்று பெயர் வைத்தார். இஷ்டமிருந்தால் கேட்கும், இல்லாவிட்டால் கேட்காது என்று அர்த்தம். ஒரு வாரத்தில் தெரு முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. அவளுக்கு ‘ச’ சரியாக வராது, வார்த்தைகள் மழுங்கலாக விழும். அதையும் கொஞ்சல் என்றார்கள்.

இத்தனை பேரில் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான். அவளைவிட நான் நாலு வயது மூத்தவள். அவளிடம் சத்தமே இல்லாமல் பேசலாம் என்று எப்படியோ கண்டுபிடித்திருந்தேன். உதட்டை மட்டும் அசைத்தால் போதும், அவள் புரிந்துகொண்டு பதில் சொல்வாள். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. பூசை நேரத்தில் மாதா கோயில் சாமியார் நீளமாகப் பிரசங்கம் வைக்கும்போது நாங்கள் உட்கார்ந்தபடியே ஊர்க்கதை பேசுவோம். முன் வரிசைக் கிழவியின் கொண்டை, உபதேசியார் தூங்கி விழுவது, மத்தியானச் சோற்றுக்கு என்ன குழம்பு, எல்லாம் பேசுவோம். ஒரு சத்தம் வராது. இவளுக்கு ஏன் இது இவ்வளவு சுலபமாக வருகிறது, மற்ற சிநேகிதிகளுக்கு ஏன் வரவில்லை என்று நான் யோசித்ததே இல்லை.

அவளுக்கு எட்டு முடிந்த வருஷம், மே மாதத்தில், புதுநன்மை, அதாவது பூசையில் முதல் நற்கருணை அப்பம், கொடுப்பதாக ஏற்பாடு. எழுபதுகளின் ஆரம்பம் அது. எங்கள் தெருவில் புதுநன்மை என்றால் கல்யாணத்துக்கு அடுத்தபடி. வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி, மத்தியானம் உறவுக்கெல்லாம் சாப்பாடு. உபதேசியார் இரண்டு மாதம் பிள்ளைகளை எதிரே உட்காரவைத்து ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்கிறவர். பதினோரு பிள்ளைகளில் எல்லா மந்திரத்தையும் தப்பில்லாமல் ஒப்பித்தவள் என் தங்கை. அவரே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அம்மா அவளுக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்தாள்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், அவளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம்; செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கினால்தான் மறுநாள் நன்மை. கோயிலில் அதற்கென்று ஒரு மரக்கூண்டு. நடுவில் சாமியார் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் நாம் முட்டிபோட வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவே பொடிப்பொடியாய் ஓட்டை போட்ட பலகை, அதன்மேல் ஊதாத் துணி. யாருடைய பாவம் என்று முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாதாம், அதற்காக. சாமியார் கேட்ட பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்று உபதேசியார் சொல்லி அனுப்பியிருந்தார். தங்கை போய் முட்டிபோட்டாள். கீழ்ப்படிந்து காத்திருந்தாள். பெரிய பிள்ளைகளின் வரிசையில் நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். உள்ளிருந்து சாமியார் குரல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வி கொஞ்சம் உரக்க. மூன்றாம் தரம் கோயில் முழுக்கக் கேட்டது. தங்கை கையைக் கூப்பியபடி பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்ற முகத்தோடு எழுந்து வந்தாள்.

சாமியார் கூண்டிலிருந்து இறங்கி வந்தார். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைச் செத்தாலும் வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். சொல்லாததைச் சொல்ல அவருக்கு எந்தத் தடையும் இல்லைபோல. “இந்தப் பொண்ணு வாயத் தொறக்கல. எதையோ மறைக்குது. இத்த இட்டுக்கினு போங்க, அடுத்த வருஷம் பாக்கலாம்” என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். எட்டு வயதுப் பிள்ளை என்னத்தை மறைக்கும்? யோசிக்கத் தெரிந்த ஒருத்தர் அந்தக் கோயிலில் இல்லை. அம்மா ஓடிவந்து அவளை உலுக்கி, “இன்னாடி மறைக்கிற? சொல்லுடி, இன்னாடி பண்ண?” என்று கேட்டாள். இது அவளுக்குப் புரிந்தது, அம்மாவின் முகம் எதிரே இருந்ததே. “ஒண்ணுமில்லமா” என்று அழுதாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவளிடம் முகத்தைக் காட்டிப் பேசுங்கள் சாமி, எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் போன மாதம்தான் பூசையில் பேசிய இரண்டு பெண்களைச் சாமியார் பீடத்துக்கு முன்னால் முட்டிபோட வைத்திருந்தார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் எங்கள் உதட்டுப் பேச்சு வெளியே வந்துவிடும். முதுகுத் தோல் போய்விடுமே என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் பத்துப் பிள்ளைகள் வெள்ளையில் நடந்துபோக, இவள் பழைய பாவாடையோடு கடைசி பெஞ்சில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தெருப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அன்றோடு போகவில்லை. இவளுடைய வாய் மூடலுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் கற்பித்தார்கள். சில காரணங்களைப் பெற்றவள் காதில் விழும்படியே பேசினார்கள். மானம் போனதென்று அப்பா அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். அடுத்த வருஷமும் சாமியார் கூண்டுக்குள்ளேதான் உட்கார்ந்தார், அவளும் அதே மாதிரிதான் முட்டிபோட்டாள். மூன்றாம் வருஷம் யாரும் அவளை அழைத்துப் போகவில்லை. மந்திரமெல்லாம் தலைகீழாகத் தெரிந்த பிள்ளை, சூரியன் உதிக்கும்முன் கரும்புத் தோகை உரிக்கப் போனாள். நான் படித்தேன், புதுச்சேரியில் ஆபீஸ் வேலைக்குப் போனேன்.

அவளுடைய இருபத்திரண்டாவது வயதில், பெண் பார்க்க வந்தவர்கள் “பொண்ணு கொஞ்சம் மந்தமோ?” என்று கேட்டுவிட்டுப் போன பிறகுதான் அவளை டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகத் தோன்றியது எங்களுக்கு. காது டாக்டர் ஓர் அம்மாள். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கு என்றார். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. பதினாறு வருஷத்தின் திமிர் ஒரு தாளில் கோடாக வந்தது. கனத்த சத்தங்களுக்குக் கோடு நேராகப் போய், மெல்லிய கூர்மையான சத்தங்கள் வரும் இடத்தில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது.

டாக்டரம்மாள் பொறுமையாக விளக்கினார். காதுக்குள் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழாய், அதில் வரிசையாக நுண்ணிய மயிர்கள். ஒரு முனை கனத்த சத்தத்துக்கு, மறுமுனை கூர்மையான சத்தத்துக்கு. இவளுக்கு அந்தக் கூர்மையான பக்கம் மட்டும் பிறவியிலேயே இல்லை. அதனால் மணியும் இடியும் உலக்கையும் கேட்கும். பேச்சில் ஆவும் ஓவும் கேட்கும், ச, த, ப எல்லாம் உதிர்ந்துபோகும். பக்கத்து வீட்டில் பேசுவது சுவர் வழியாக வருகிற மாதிரி வெறும் முணுமுணுப்பாக வரும். காது பாதியைத்தான் அனுப்புகிறது, எதிரே ஆள் இருந்தால் மீதியை மூளை உதட்டிலிருந்து எடுத்துக்கொண்டு முழுசாக்கிவிடும். அவள் பார்த்துப் புரிந்துகொள்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது, கேட்பதாகத்தான் தோன்றும் என்றார். “அப்ப மத்தவங்களுக்கு முகம் பாக்காமயே கேக்குமா?” என்று தங்கை கேட்டாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். “இருட்டுல பேச்சு யாருக்குமே கேக்காதுன்னு நெனச்சேன். அந்தக் கூண்டுலகூட யாருக்கும் ஒண்ணும் கேக்காது, சும்மா முட்டிபோட்டுட்டு வர்றதுதான் வழக்கம்னு நெனச்சேன்.”

போன வருஷம் என் பேத்தி பிறந்த இரண்டாம் நாள், ஒரு நர்ஸ் பெண் அதன் காதில் ஏதோ கருவியை வைத்து ஐந்து நிமிஷத்தில் எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போனாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். ஐந்து நிமிஷம்! அந்தக் காலத்தில் கருவி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். எதிரே வந்து நின்று ஒரு தரம் கேட்பதற்குமா கருவி வேண்டும்? அப்பாவையும் டீச்சரையும் சாமியாரையும் இத்தனை வருஷமாக மனசுக்குள் நிற்கவைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று பேரும் செத்துப்போனார்கள், என் கோபம் சாகவில்லை.

அன்றைக்கு டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாள் தாளை மடித்துக்கொண்டே கேட்டார், “இத்தனை வருஷமா வீட்ல ஒருத்தர்கூடக் கவனிக்கலையா?” அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “நாங்க இன்னாத்தம்மா கண்டோம்” என்று அழுதாள். டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த தங்கைக்குக் கேள்வி முழுசாகப் புரிந்துவிட்டது. “எங்கக்காவுக்குத் தெரியும்” என்றாள் சட்டென்று. “சின்ன வயசுலேர்ந்து எங்கிட்ட சத்தமே இல்லாம பேசும். அது ஒண்ணுதான் எனக்குப் புரியற மாதிரி பேசும்.” குற்றம் சொல்லவில்லை. வெளியார் முன்னால் என்னைப் பெருமையாகச் சொல்கிறாள். டாக்டரும் அம்மாவும் என்னைப் பார்த்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, நான் ஏதாவது சொல்வேன் என்று என் உதட்டைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிக்கொண்டால் அவளுக்கு ஒன்றும் கேட்காது என்று தெரிந்தேதான் திருப்பிக்கொண்டேன்.