அல்சீட் ஊற்றிய மிமோசா

பதினோரு கார்னிவல் திருவிழாப் பருவங்கள் கழிந்தும் அல்சீட் புருசாரின் துண்டில் ஒருமுறைகூட அந்தப் பிளாஸ்டிக் குழந்தை வந்ததில்லை. நியூ ஆர்லியன்ஸில் அவர் தெருவின் வழக்கம் இது: பருவம் முடியும்வரை ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு வீட்டில் கூடி ராஜா கேக் வெட்டுவார்கள். உள்ளே ஒளித்த விரல்நுனி அளவுக் குழந்தைப் பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அடுத்த ஞாயிறு விருந்து அவர் வீட்டில்.

"எல்லாம் என் ராசி" என்பார் அல்சீட். ராசியாவது ஒன்றாவது! பொம்மையை அடியிலிருந்துதான் செருகுவார்கள். "ஆறிடுச்சா பாக்கறேன்" என்று கேக்கை லேசாகத் தூக்கி, அடியில் ஓட்டை இருக்கும் இடத்தைப் பார்த்துவைத்து, எதிர்ப்பக்கத் துண்டை எடுத்துக்கொள்வார்.

விருந்து போடக் கஞ்சத்தனம் என்று ஊர் நினைத்தது. அதுவும் உண்டுதான். ஆனால் அதைவிடப் பெரிய பயம், வருகிறவர்கள் கண்ணில் அவர் வீட்டு அலமாரி பட்டுவிடுமே என்பது. ஓட்டல் பாரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டுக்குப் போனாலும் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, ஒயினில் ஆரஞ்சுச் சாறு சேர்த்த மிமோசா ஊற்ற நின்றுவிடுவார். மிச்ச ஒயின் அவரோடு வீட்டுக்குப் போகும். கையிலிருந்த கண்ணாடிக் கோப்பையும் கூடவே போகும். அதே தெருவில் இருக்கும் வெர்னெலின் கல்யாணக் கோப்பைகள், ஓடிஸ் அம்மாவின் தங்க விளிம்புக் கோப்பைகள் எல்லாம் அந்த அலமாரியில் வரிசையாக நின்றன.

இந்த ஞாயிறு வெர்னெல் வீட்டில் கூட்டம். அவள் கேக்கைத் தானே வெட்டி, தட்டுகளைத் தானே கொடுத்துவிட்டாள். அல்சீட் ஒரு கடி கடித்தார். பல்லில் பிளாஸ்டிக்.

வாயைத் துடைப்பதுபோல் பொம்மையைக் கைக்குட்டையில் வாங்கிக்கொண்டு பாட்டில்களிடம் போனார். ஒரு கோப்பையில் போட்டார். மேலே நுரைக்கும் ஒயின், அதன்மேல் சக்கை மிதக்கும் ஆரஞ்சுச் சாறு. அடியில் கிடக்கும், கடைசி மடக்கில்தான் தெரியும், விருந்து குடித்தவன் தலையில் விழும் என்பது கணக்கு.

"இந்தா ஓடிஸ், உனக்குன்னே ஊத்தினது."

"கலக்கலையா அண்ணே?" டிராம்போன் வாசிக்கும் ஓடிஸுக்கு ஒயினும் தெரியாது, சும்மா இருக்கவும் தெரியாது.

"கரண்டியா? குமிழி செத்துடும்டா! பாட்டில் பக்கம் வேற எவன் கையும் வரக்கூடாதுங்கறதே அதுக்குத்தான்."

ஓடிஸ் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ ஊர்வலக் கதையை ஆரம்பித்தான். உள்ளே குமிழிகள் பொம்மையைச் சுற்றி ஒட்டின. பொம்மை எழுந்தது. மேலே வந்து குமிழி உடைந்ததும் மூழ்கியது. மறுபடி எழுந்தது.

"ஓடிஸ் கண்ணு," என்றாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை மிஸ் ஓரேலியா. "உன் கிளாஸ்ல ஒரு புள்ள நீச்சல் பழகுது."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பொம்மையின் தலையில் கேக் துணுக்கு ஒட்டியிருந்தது.

"வெர்னெல்தான் போட்டிருப்பா" என்றார் அல்சீட்.

"பாட்டில் பக்கம் யாரையும் விடமாட்டேன்னு இப்பத்தானேய்யா சொன்னே?" என்றாள் வெர்னெல்.

"ஒரு கலக்கு கலக்கியிருந்தா தப்பிச்சிருப்பே அல்சீட். குமிழி செத்திருக்கும், புள்ளையும் அடியிலயே தூங்கியிருக்கும்" என்றாள் ஓரேலியா.

அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு விருந்து அல்சீட் வீட்டில். கோப்பை எதுவும் கொண்டுவர வேண்டாம், அவரிடம் நிறைய இருக்கும் என்று வெர்னெல் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.