கயிற்றை மோந்து பார்த்தவர்

என் அப்பா ஆனந்தராஜா எதையும் மோந்து பார்த்துத்தான் நம்புவார். பால், பாண், புதுச் சேட்டு, வீட்டுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த கேக், எல்லாம் முதலில் அவருடைய மூக்குக்குக் கீழே போய்த்தான் மேசைக்கு வரும். சிட்னியில், லிட்கம் இறைச்சிக்கடையில் ஒரு முழு ஆட்டுத்தொடையைத் தூக்கி முகத்தோடு சேர்த்துப் பிடித்து மோந்தபோது, வரிசையில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். நான் வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். அவருக்கு மகளாக இருப்பதில் பாதி வேலை அதுதான், யாரோ எவரோ என்று நிற்பது.

மூக்கு அவருடைய தொழில். கொழும்புத் துறைமுகத்தில் பதினெட்டு வருசம் கயிறு பார்க்கிற வேலை. கப்பலில் சாமான் தூக்குகிற கயிறுகளைத் தடவி, மோந்து, சிலவேளை நக்கியும் பார்த்து, நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். கெட்டது என்றால் நின்ற இடத்திலேயே கத்தியால் இரண்டாக வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது ஒரு சோம்பேறி அதையே திரும்ப எடுத்துக் கொழுவுவான், கீழே நிற்கிறவன் தலையில் அரிசி மூட்டை விழும். எழுபத்து நாலில் சிட்னிக்கு வந்தபோதும் ஒரு கிடங்கில் இதே வேலைதான் கிடைத்தது. மற்றச் சனம் எஞ்சினியர், டொக்டர் என்று வந்திறங்க, எங்கள் வீட்டு ஆள் கயிறு நக்குகிறவராக வந்திறங்கினார். பொங்கலுக்குக் கூடுகிற இடத்தில் அங்கிள்மார் கேட்டால், அப்பா ‘சேஃப்ரி’யில், அதாவது பாதுகாப்புப் பகுதியில், இருக்கிறார் என்று சொல்லும்படி அம்மா எனக்குப் பாடமாக்கித் தந்திருந்தா.

எழுபத்தேழில் எனக்குப் பதினைந்து வயது. அந்த வருசம் பள்ளிக்கூடம் என்னை வெளியே போகச் சொன்னது. பெரிய ரீச்சரின் மழைக்கோட்டு கொடிக்கம்பத்தின் உச்சிக்குப் போயிருந்தது. மூன்று நாள் அங்கேயே தொங்கியது. எடுக்க ஆளில்லை. பாவம் பார்த்து நாலாம் நாள் நானே ஏறி எடுத்துக் கொடுத்தேன். இறக்கத் தெரிந்தவள்தான் ஏற்றினவள் என்று பிடித்துவிட்டார்கள். உதவி செய்யப் போனால் இப்படித்தான்.

அது எனக்கு இரண்டாவது பள்ளிக்கூடம். அம்மா ஆஸ்பத்திரியில் நேர்ஸ், மாறி மாறி ஷிப்ட். என்னைக் காவல் காக்க வீட்டில் ஆள் கிடையாது. போர்டிங்தான் வழி என்று அம்மா முடிவெடுத்து, இடமும் அவவே கண்டுபிடித்தா. மெல்பேர்ன் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளிக்கூடம். முழுக்கட்டடமும் ஒரு தட்டு, மேல்மாடி கிடையாது. மரங்களைக்கூட இடுப்பளவுக்கு வெட்டி வைத்திருந்தார்கள். அவர்கள் அனுப்பிய விளம்பரப் புத்தகத்தில் அந்தப் படத்தைத்தான் அம்மா திரும்பத் திரும்பப் பார்த்தா. கிறிஸ்மசுக்கு முன்னம் வேறு நல்ல இடம் கிடைக்காவிட்டால் அங்கேதான் என்று தவணை வைத்தா.

அப்பா சாப்பிட்டுக்கொண்டே ஒரு வசனம் சொன்னார். “ஏறுற பிள்ளை எப்பிடியும் ஏறும். கயித்தோடை ஏறட்டும்.”

இப்படித்தான், பாறை ஏறப் பழக்குகிற போர்டிங் பள்ளிக்கூடம் தேடுகிற விசர் வேலை எங்கள் வீட்டில் தொடங்கியது. அப்பா பத்தொன்பது பள்ளிக்கூடங்களுக்குக் கையால் கடிதம் எழுதினார். பாறை ஏறுகிற இடங்களில் முக்கால்வாசியும் பெடியன்களுக்கு. ஒரு இடம், பெண் பிள்ளைகளுக்குத் தையலும் நெற்போல் விளையாட்டும் சிறப்பாகச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று தடித்த தாளில் எழுதியிருந்தது. அப்பா அந்தத் தாளையும் மோந்தார். சவர்க்கார மணம் என்றார். என்னையும் எடுக்கச் சம்மதித்தவை கடைசியில் இரண்டே இரண்டு. இரண்டும் சிட்னிக்கு மேற்கே, நீலமலைப் பக்கம்.

அந்த இரண்டில் முதலாவதுக்கு அப்பாவும் நானும் காரில் போனோம். வாசல் படலையிலேயே ஆட்டுக்கொழுப்பு மணம் பிடித்தது, திரும்பி வருமட்டும் விடவில்லை. படிக்கட்டுக் கைபிடியில்கூடக் கொழுப்பு. குளிக்கிற அறையில் முந்தின பிள்ளைகளின் தலைமயிர் ஒரு சிறு மிருகம் மாதிரிச் சுருண்டு படுத்திருந்தது. அப்பா தலையணையை மோந்துவிட்டு அப்படியே கீழே வைத்தார். பாறை ஏறப் பழக்குவது மிஸ் டொலன் என்ற புவியியல் ரீச்சர். முன்பல் ஒன்று இல்லை, வாயில் சிகரட். அவவின் கயிறுகள் வெயில் படாத அறையில், மரமுளைகளில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை: எப்போது வாங்கியது, எத்தனை பேர் விழுந்து அதில் தொங்கினார்கள். அப்பா ஒவ்வொன்றாக மோந்தார். முகம் சுளிக்கவில்லை. அவரும் மிஸ் டொலனும் கயிறு பற்றி அரைமணித்தியாலம் கதைத்தார்கள். நான் குப்பை வாளிக்குப் பக்கத்தில் நின்று, அதில் மொய்த்த இலையான்களை எண்ணினேன். இங்கே படிக்கிறதை விட அந்த ஒரு தட்டுப் பள்ளிக்கூடமே மேல் என்று வழியெல்லாம் காருக்குள் சத்தம் போட்டேன்.

இரண்டாவது இடத்தின் புத்தகம் பளபளவென்று இருந்தது. அட்டையில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண், தலைமயிர் பறக்க, மலைவிளிம்பில் தொங்கினாள். மூன்று கிழமை அந்தப் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன். போய்ப் பார்த்தால் கல்லுக் கட்டடம், ரோசாப் பாத்தி, மணக்கிற தரை. ஏறப் பழக்குகிற மாஸ்டர் இளம் ஆள், பொன் நிறத் தாடி. பின்பக்கச் சுவரில் என்னைப் பத்தடி ஏறவிட்டுப் பார்த்தார். இறங்கியதும், தை மாதம் வரலாம் என்று கையைக் குலுக்கினார். என் கால் நிலத்தில் நிற்கவில்லை.

பிறகு தேத்தண்ணீர் தந்தார்கள். அப்பா கயிற்றைப் பார்க்க வேண்டும் என்றார். பள்ளிக்கூட அதிபர் சிரித்துக்கொண்டு ஜெபக்கூடத்தைக் காட்டலாமே என்றார். அதற்குப் பிறகு கயிறு என்றார் அப்பா. இவர் என் இடத்தைக் கெடுக்கப் போகிறார் என்று தெரிந்தது. குறை பிடிப்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. கிட்டப் பார்க்கிற கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குப் பாண் உறையில் உள்ள எழுத்தே தெரியாது. கதிரையில் கொழுவியிருந்த அவருடைய கோட்டுப் பையில் கைவைத்து, அதை எடுத்து என் சொக்சுக்குள் இறக்கிவிட்டேன்.

கயிறு பஸ் நிறுத்துகிற கொட்டகைக்குள் இருந்தது. நீலக் கயிறு, புதிது, அழகாகச் சுருட்டி, பழைய பஸ் பற்றறிகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்தது. அப்பா கோட்டுப் பையைத் தடவினார், காட்சட்டைப் பையைத் தடவினார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கயிற்றை முழம் முழமாக விரலுக்குள் ஓடவிட்டார். ஒரு இடத்தில் கை நின்றது. மோந்தார். அதன் பிறகு, கடவுளே, நாக்கை நீட்டி நக்கினார்.

அதிபரின் தொண்டைக்குள் ஒரு சத்தம் கேட்டது. மாஸ்டர் சிரித்துவிட்டார். அப்பா லேஞ்சிக்குள் துப்பி, அதை மடித்துப் பையில் வைத்து, கத்தியை எடுத்துக் கயிற்றை அந்த இடத்தில் இரண்டாக வெட்டினார். ஒரு பற்றறியிலிருந்து கசிந்து கிடந்த ஈரத்தைக் காட்டி, அசிட் என்று மட்டும் சொன்னார்.

போன வருசம் வாங்கின கயிறு, மேலே ஒரு கீறல்கூட இல்லை என்று அதிபர் கத்தினார். பொருளைச் சேதப்படுத்துகிற குடும்பத்துக்கு அவருடைய பள்ளியில் இடமில்லை என்றார். வந்த வழியால் விடவில்லை, குசினிப் படலையால் வெளியே விட்டார்கள். அவ்வளவு மணக்கிற இடத்துக்கு அவ்வளவு நாறுகிற குசினி.

காருக்குள் நான் இங்கிலீசில் சொன்னவற்றை இங்கே எழுத மாட்டேன். கன்னியாஸ்திரிகள், ஒரு தட்டு, இடுப்பளவு மரங்கள், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. வழியில் பென்ரித்தில் அப்பா பெற்றோல் அடிக்க நிறுத்தினார். கொட்டகையிலேயே அறுத்து வைத்திருந்த ஒரு சாண் நீலக்கயிற்றைப் பையிலிருந்து எடுத்து என் மடியில் போட்டு, முறித்துப் பார் என்றார். வெளித்தோல் நல்லாகத்தான் இருந்தது. முறுக்கினேன். உள்நூல் நேற்றைய இடியப்பம் மாதிரி உதிர்ந்து பாவாடையில் கொட்டியது. தை மாதம் அதில் தொங்கியிருக்க வேண்டியவள் நான். அந்த நேரம்தான் சொக்சுக்குள் கண்ணாடி கணுக்காலை அழுத்துவது தெரிந்தது.

அப்பா றோட்டைப் பார்த்தபடி சொன்னார். “கண்ணாடியைத் தா, பிள்ளை. சொக்ஸ் மணம் பிடிச்சா பிறகு போடேலாது.”

எடுத்துக் கொடுத்தேன். மோந்து பார்த்தார். தலையணைக்குக் காட்டாத முகச்சுளிப்பை அதற்குக் காட்டினார்.

“அப்பா,” என்றேன். “அந்த ஆட்டுக்கொழுப்புப் பள்ளிக்கூடத்துக்கு எழுதுங்கோ.”

“எழுதிப் போட்டு ரெண்டு கிழமை,” என்றார். “சாப்பாடுதான் கூடாது. அம்மாட்டை அதைச் சொல்லாதை.”

இப்போது நான் அங்கேதான் இருக்கிறேன். புதன்கிழமை ஆட்டிறைச்சி, வியாழக்கிழமை புதனின் மிச்சம். குளியலறை மிருகம் குட்டிகளும் போட்டுவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு அப்பா வருவார். மிஸ் டொலன் எங்களைப் பாறைக்குக் கூட்டிப்போகும்போது அவரும் கூட வருவார். ஆனால் அவர் ஒரு தரமும் நான் ஏறுவதைப் பார்த்ததில்லை. அவருக்கு உயரம் பார்த்தால் தலை சுற்றும், ஒரு தட்டு வீட்டில் பல்ப் மாற்றுவதுகூட அம்மாதான். பாறைக்கு முதுகு காட்டி நின்று, நிலத்தில் கிடக்கிற கயிறு மேலே போகப் போக அதைத் தன் இரண்டு விரலுக்கிடையில் ஓடவிடுவார். நான் எவ்வளவு உயரத்தில் நிற்கிறேன் என்று அவருக்கு விரலில் தெரியும். இடைக்கிடை குனிந்து மோந்தும் பார்ப்பார். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அது யார் என்று கேட்டால், என் அப்பா என்று மேலே நின்றே கத்திச் சொல்கிறேன்.