முதல் பாடகன் திரும்பி வந்த கசெற்

தகரக் கூரையில் வெயிலில் சூடேற்றிய பழைய பற்றரிகளை எடுத்து ரேப் ரெக்கோடருக்குள் திணிக்கும்போது விரல்களில் ஒரு பிசுபிசுப்பு ஒட்டும். அதன் புளித்த நாற்றம் எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் போகாமல், மத்தியானச் சோற்றோடு சேர்ந்து வாய்க்குள்ளும் இறங்கும். எங்கள் ஊரான கல்லடியில் மின்சாரம் இல்லாத போர்க்கால வருடங்களில், அந்த நாற்றத்தோடுதான் ஜேர்மன் ஹார்ட் ரொக் குழுவொன்றின் வரலாறு முழுவதும் எனக்குள் இறங்கியது. இன்றைக்கு அந்தப் பற்றரியை நினைத்தாலும் குமட்டுகிறது, அந்தக் குழுவை நினைத்தாலும் குமட்டுகிறது. இரண்டையும் விட அதிகமாகக் குமட்டுவது என்னை நினைக்கும்போது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் ஜேர்மனிக்குப் போனபோது நான் மூன்றாம் வகுப்பு. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் அம்மாவும் நானும்தான். அங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அண்ணன், ஆறேழு மாதத்துக்கு ஒரு தரம் அனுப்பும் பார்சலில் சவர்க்காரத்துக்கும் சொக்கலேற்றுக்கும் நடுவே ஒரு கசெற் கட்டாயம் இருக்கும். அது நாங்கள் கேட்பதற்கல்ல, பேசுவதற்கு. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகளில் அப்போது கடிதம் எழுதுவதை விடக் கசெற்றில் பேசி அனுப்புவதுதான் வழக்கம். "பேச்சுக் கசெற்" என்போம். அண்ணன் இருந்த ஊரில் பிறந்த குழு என்பதால் அவர்களுடைய பழைய கசெற்றுகள் அங்கே சந்தையில் குவிந்து கிடந்தனவாம். வெறுங் கசெற்றை விட மலிவு என்று அவற்றை வாங்கி அனுப்புவார். அம்மா அந்தப் பாட்டுகளின் மேலேயே பேசுவார், அது திரும்பிப் போகும்.

பார்சல் வந்த நாளிலிருந்து அம்மா பேச உட்காரும் நாள்வரை எனக்கு ஒரு கிழமைதான் தவணை. அதற்குள் முழுவதையும் நெஞ்சில் ஏற்றிவிட வேண்டும். இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சட்டையுமாகப் பள்ளிக்கூடம் போன ஒரு பெண்பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் தொண்டை கிழியக் கத்தும் ஐந்து தாடிக்காரர்களின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஊரே முகம் சுளித்தது. எதிர் வீட்டில், கல்யாண வீடுகளுக்கு வயலின் வாசிக்கும் பறங்கியர் அங்கிள் ஒருவர் இருந்தார். கசெற் உறையிலுள்ள சின்ன எழுத்தை அவர்தான் எனக்கு வாசித்துக் காட்டுவார், காட்டிவிட்டுக் காறித் துப்புவார். "இதென்ன மகள், தகரத்தக் கிழிக்கிற சத்தம். இவனுகளுக்கு வீட்டில ஆக்கள் இல்லையா?" என்பார்.

அவர் வாசித்துக் காட்டியதிலிருந்துதான் அந்தக் குழுவின் கதை எனக்குப் புரிந்தது. குழுவைத் தொடங்கியவனே அதன் முதல் பாடகன். நான் அவனுக்கு வைத்த பெயர் "சுருட்டையன்". மூன்றாவது கசெற்றில் அவனைக் காணவில்லை. துரத்திவிட்டார்கள். பதிலுக்கு வந்தவன் மூக்கால் அழுதான். ட்ரம் அடிப்பவர்களோ கசெற்றுக்கு ஒருவராக மாறிக்கொண்டே இருந்தார்கள். சொந்த வீட்டில் நடந்த அநியாயம் போல நான் அதற்காகப் பட்டினி கிடந்திருக்கிறேன். சுருட்டையன் திரும்பி வர வேண்டும் என்று மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு நேர்த்தி வைத்த ஒரே ஆள் உலகத்திலேயே நானாகத்தான் இருக்கும்.

அவன் திரும்பி வந்தான். ஆறாவது பார்சலில் வந்த கசெற்றின் உறையில், நடுவில், அதே சுருட்டை முடியோடு நின்றான். அந்தப் பார்சலில் அம்மாவுக்கு ஒரு கடிதமும் இருந்தது. அம்மா அதைத் தனியாக வாசித்தார், மடித்து அலுமாரிக்குள் வைத்தார், இரண்டு நாளும் அதைத் திரும்பத் திரும்ப எடுத்து வாசித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் சோறு தின்று கைகழுவிவிட்டு வந்து, "புள்ள, அந்தச் சனியன நிப்பாட்டிப்போட்டுப் பெட்டிய இஞ்சால கொண்டா. அண்ணனுக்கு நான் பேசோணும்" என்றார்.

"இன்னும் நாலு நாள் இரிக்குத்தானே அம்மா?"

"இல்ல புள்ள, இண்டைக்கே பேசோணும்."

பாட்டுக் கசெற்றின் தலையில் இரண்டு சின்னத் துவாரங்கள் உண்டு. அவற்றைக் கடதாசியால் அடைத்தால்தான் அதன் மேல் பதிவு செய்யலாம். அந்த வேலை எப்போதும் என்னுடையது, அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. திரும்பி வந்த சுருட்டையனை அழிக்க மனம் வராமல், அன்றைக்கு நான் அடைக்கவில்லை. சத்தத்தை முழுவதும் குறைத்து, பாட்டை ஓடவிட்டேன். சில்லுகள் சுற்றுவதைக் கண்ட அம்மா நம்பிப் பேசத் தொடங்கினார். அரை மணித்தியாலம் பேசினார். சுருட்டையன் சத்தமில்லாமல் பாடிக்கொண்டிருந்தான், அம்மா அவனுக்கு நேரே குனிந்து தன் மகனோடு பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு வீட்டில் கிடந்த ஒரு பழைய சினிமாப் பாட்டுக் கசெற்றை எடுத்து, ஒலிவாங்கியின் மேல் துணியைச் சுற்றி, இரு பக்கமும் ஒன்றுமில்லாமல் அழித்துப் பார்சல் கட்டினேன். மெசின் பிழை என்று அண்ணன் நினைப்பார், அடுத்த கசெற்றில் அம்மா திரும்பப் பேசுவார்தானே என்பது என் கணக்கு. தபால் கந்தோருக்குப் போகக் கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது, காவலில் நின்ற ஆமிக்காரன் பார்சலைப் பிரித்து, கசெற்றைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து, பாட்டா என்று கேட்டான். பாட்டு என்றேன்.

அடுத்த கசெற் வரவில்லை. சித்திரைக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது, அடுத்த சித்திரைக்கும் ஒன்று வந்தது, அவ்வளவுதான். அம்மா படலையைப் பார்த்தபடி, "தபால்காரன் இஞ்சால கிறுகாமலே போறான் புள்ள" என்பார். ஒரு கடிதம் போடுவோமா என்று கேட்டால், "சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிப்போட்டன். மறுகா அவன்தான் பேசோணும்" என்று வீம்பாக இருந்துவிடுவார். மூன்றாவது சித்திரைக்கு முன்னால் நெஞ்சு நோவில் போய்விட்டார். அகதி விண்ணப்பம் முடியாததால் அண்ணனால் வர முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து அலுமாரியை ஒதுக்கும்போதுதான் அந்தக் கடிதம் என் கையில் சிக்கியது. அண்ணன் அங்கே ஒரு ஜேர்மன் பெண்ணை விரும்புகிறார். அம்மாவுக்குச் சம்மதமென்றால் கசெற்றில் சொல்ல வேண்டும், சம்மதமில்லாவிட்டால் ஒன்றும் பேசாமல் வெறுங் கசெற்றை அனுப்பினால் போதும், விளங்கிக்கொள்வேன் என்று எழுதியிருந்தார். நான் அனுப்பியது அதைத்தான். சுருட்டையனின் கசெற்றை அன்றைக்கே குப்பையோடு போட்டு எரித்தேன். ஆனால் அண்ணனுக்கு ஒரு வரி எழுதவில்லை. தொலைபேசி வந்தது, கைத்தொலைபேசி வந்தது, ஞாயிறுதோறும் அண்ணனோடு பேசினேன், அப்போதும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் செய்ததை ஒருவேளை மன்னிக்கலாம். அதற்குப் பிறகு இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, சீ, அதற்கு என்ன பெயர்?

கடந்த ஆடி அமாவாசைக்கு அண்ணன் அண்ணியோடு, கடிதத்தில் எழுதிய அதே ஜேர்மன் பெண்ணோடு, வந்திருந்தார். அமிர்தகழித் தீர்த்தத்தில் அப்பாவுக்காக முழுகிவிட்டு வந்து, ஈரத் தலையோடு என் வீட்டு முற்றத்துக் கதிரையில் இருந்தார். அண்ணி தன் கைத்தொலைபேசியில் எங்களூர்ப் பிள்ளைகள் என்று பெருமையாக ஒரு காட்சியைக் காட்டினார். அதே குழு. மூன்றாவது தடவையாகக் கடைசிக் கச்சேரி! இரண்டு தரம் கண்ணீர் விட்டு விடைபெற்றவர்கள், குழுவின் பேர் யாருக்கு என்று நீதிமன்றத்தில் ஒருவரையொருவர் கடித்துக் குதறியவர்கள், பழைய பாட்டையே வயலின் கூட்டத்தோடு திரும்பத் திரும்ப விற்றவர்கள், தொந்தியைத் தோல் காற்சட்டைக்குள் திணித்துக்கொண்டு நின்றார்கள். சுருட்டையனின் தலையில் இருந்தது டோப்பா. வந்த அருவருப்பில் என் வாய் தன்பாட்டில் அவிழ்ந்து, யாரை எப்போது துரத்தினார்கள், எந்தக் கசெற்றில் யார் ட்ரம் அடித்தார்கள் என்று ஒப்புவிக்கத் தொடங்கிவிட்டது.

அண்ணன் சிரித்தார். "உனக்கெப்பிடி இதெல்லாம் தெரியும்?"

"நீங்க அனுப்பின கசெற்றுகள்ல கேட்டதுதான்."

"இவன் திரும்பி வந்தது கடைசிக் கசெற்றிலயெல்லோ? அதுக்குப் பதிலாத்தானே..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். அம்மா பேசாமல் விட்ட வெறுங் கசெற் வந்தது என்று சொல்ல வந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணன் என்னை ஏசவில்லை. "ரெண்டு பக்கமும் கடைசிவரை கேட்டனான். ஒரு இருமலாவது கேக்கும் எண்டு" என்றார். பிறகு, "அப்ப அம்மா சம்மதிச்சவவா?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணன். அந்தப் பிள்ளையக் கூட்டிக்கொண்டு வரட்டாம் எண்டுதான் சொன்னவ."

"அது சரி தங்கச்சி. அவ சொன்ன சொல்லு என்ன? அம்மா சொன்ன மாதிரியே சொல்லு. இவ இவ்வளவு காலமும், உங்கட அம்மாக்கு என்னைப் பிடிக்காதா எண்டு கேட்டுக்கொண்டு இரிக்கிறா. அப்பிடியே இவக்குச் சொல்லோணும்."

அந்த வீடும் அலுமாரியும் ரேப் ரெக்கோடரும் இன்று இல்லை. அம்மாவின் குரல் பதிந்த கசெற் ஒன்றுகூட அண்ணனிடமும் மிஞ்சவில்லை, வீடு மாறி மாறித் தொலைந்துபோயின. அந்த அரை மணித்தியாலப் பேச்சைக் கேட்ட உயிர் நான் ஒருத்திதான், அம்மாவுக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தேன். ஆனால் அம்மா பேசியதை நான் காதில் வாங்கவில்லை. அண்ணனுக்குச் சொன்ன சம்மதமும், அரை மணித்தியாலம் பேசினாரே என்று நான் ஊகித்துக்கொண்டதுதான். சுற்றும் சில்லைப் பார்த்து, இப்போது எந்தப் பாட்டு ஓடும், அது முடிய எவ்வளவு நேரம் என்று மனதுக்குள் பாடிக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டுகள் வரிசை பிசகாமல் இன்றைக்கும் வரும்.

அண்ணன் மொழிபெயர்க்கத் தயாராக இருந்தார். அண்ணி கதிரையை இழுத்துப்போட்டு என் வாயையே பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் சொல் ஒன்றுகூட வரவில்லை.