பல் பார்க்கப் போன இடத்தில்

அறுபதுகளின் நடுப்பகுதியில் நான் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். தைத்து வந்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை நீக்கும் வேலையை என் மனைவி வீட்டிலிருந்தே செய்தாள். கத்தரி கையருகே இருந்தாலும் பல்லால்தான் கடித்து அறுப்பாள். ஆகவே முப்பத்தாறு வயதில் அவள் பற்கள் ஆடத் தொடங்கியபோது, நூல் கடித்ததால் வந்த வினை என்று முடிவுகட்டி, அவளைக் கடிந்தும் கொண்டேன். ஈறு வீங்கிச் சீழ் வைத்ததையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்தேன்.

சோறு மெல்ல முடியாமல் அவள் மெலிந்தாள். நாள்தோறும் விடியலில் முருகன் படத்தின் முன் பதிகம் ஓதி முடித்ததும், மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை சேர்த்து என் கையால் பஞ்சாமிர்தம் பிசைவேன். படைத்தபின் ஒரு கிண்ணம் நிறைய அவளுக்குக் கொடுப்பேன். மெல்ல வேண்டியதில்லை, உடம்பும் தேறும், அவனருளும் கூடும் என நம்பினேன். இரண்டு மாதமாகியும் அவள் தேறவில்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். சித்திரை வெயில் என்றேன்.

அப்போது நல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் கோயமுத்தூர் மருத்துவர்கள் இலவசமாகப் பல் பார்ப்பதாகச் செய்தி வந்தது. அழைத்துப் போனேன். வகுப்பறையில் ஒரு மர நாற்காலியும், வெந்நீரில் கொதிக்கும் பல் பிடுங்கும் கொறடுகளும் இருந்தன.

"ஏனுங்க, மாட்டுக்கு லாடம் அடிக்கறவரு மாதிரியல்ல வெச்சிருக்காரு" என்று என் காதில் சொன்னாள்.

வயதான மருத்துவர் கொறடைத் தொடவில்லை. ஈறை அழுத்திப் பார்த்தார். தாகம் எப்படி என்றார். பிறகு, காலில் ஆறாத புண் ஏதும் உண்டா என்று கேட்டார். பல் மருத்துவர் காலைப் பற்றிக் கேட்பானேன் என நான் வியக்கும்போதே, அவள் தயங்கிச் சேலையைச் சற்று உயர்த்தினாள். குதிகாலில் கறுத்த புண். ஒரே வீட்டில் வாழ்ந்தும் நான் அறியாத புண்.

அவளுடைய சிறுநீரில் சில துளிகளை ஒரு நீல மருந்தில் விட்டு, கண்ணாடிக் குழாயை ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். கம்பெனிச் சாயப்பட்டறையில் துணி நிறம் மாறக் கண்டு பழகிய கண்கள் என்னுடையவை. ஆயினும் அந்த நீலம் பச்சையாகி, மஞ்சளாகிச் செங்கல் நிறத்தில் வந்து நின்றபோது, அதன் பொருள் தெரியாமல் மருத்துவரைப் பார்த்தேன்.

"கடுமையான சர்க்கரை நோயிங்க. அது ஈறை அழுக வெக்கும். ஈறுல சீழ் இருந்தா சர்க்கரை இன்னும் ஏறும். என்ன சாப்பிடறாங்க?"

பஞ்சாமிர்தத்தைச் சொன்னேன். குழாயைக் கீழே வைத்தார்.

"எத்தன நாளாங்க?"

"ரெண்டு மாசமுங்க."

அவர் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். நாளைக்கு வேண்டாம், இப்போதே போக வேண்டும் என்றார்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து அச்சம். அவள் எழுந்திருக்காமல் அதையே கேட்டாள்.

"பல்லு எடுத்துக் கண்ணு போனதை நான் பாத்ததில்லீங்கம்மா. சர்க்கரையில போனதைப் பாத்திருக்கறேன்."

பேருந்தில் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். மனப்பாடமாயிருந்த முருகன் பதிகத்தில் ஓரடிகூட என் நாவில் எழவில்லை. நான் பிசைந்து ஊட்டிய ஒவ்வொரு கிண்ணமும் கண்முன் வந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். புண் மூடத் தொடங்கியது. சர்க்கரை இறங்கிய பிறகே பல்லைத் தொடலாம் என்று சொல்லி, தினமும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட எனக்குக் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் நாள் ஊசியை ஏந்திக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இந்தக் கையை நம்பி இன்னொன்றையும் அவளுக்குக் கொடுக்கலாமா என்று தோன்றியது.

அவள் கையை நீட்டி, "போடுங்க, பசிக்குது" என்றாள்.