தேர் மணலில் வந்த மீசை

ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டு நிலைமை ஒரு காரணம். ஆறாம் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்க வேண்டும் என்று யாரோ சொன்னது இன்னொரு காரணம். அப்படிப்பட்ட நான் இந்த வயதில் மருதனார்மடத்தில் ஓர் அழகுநிலையத்தில் வேலை செய்கிறேன்.

அழகுநிலையம் என் தங்கச்சியின் மகளுடையது. எனக்குப் பெறாமகள். முன்னால் கண்ணாடிகள் உள்ள பக்கத்தில் அவள் கலியாணப் பொம்பிளைகளை அலங்கரித்து வெளிக்கிடுத்துவாள். பின்னால் திரைக்குள்ளே நான் மறைப்பு வேலை செய்வேன். வெண்புள்ளி, சுடுதண்ணீர் ஊற்றிய தழும்பு, பிறவி மச்சம் எல்லாவற்றுக்கும் மேலே அவரவர் தோலின் நிறத்தில் களிம்பு கலந்து, பூசியது தெரியாமல் பூசுகிற வேலை. கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண் எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கினாள். பெறாமகளுக்குப் பொறுமை இல்லை, தேய்த்துவிடுவாள். இதைத் தேய்க்கவே கூடாது. விரல் நுனியால் ஒற்றி ஒற்றி வைக்க வேண்டும். பிறகு பவுடரை அள்ளிப் போட்டு, அது களிம்பைக் குடிக்கும்வரை பேசாமல் இருக்க வேண்டும். பேசாமல் இருப்பது எனக்கு நன்றாக வரும்.

என் கூச்சத்துக்கும் ஒரு வழி கண்டேன். பழைய படுக்கை விரிப்பு ஒன்றின் நடுவில் வட்டமாக ஓட்டை வெட்டினேன். வருகிற ஆளை அதால் மூடிவிட்டு, மறைக்க வேண்டிய இடத்தை மட்டும் ஓட்டைக்குள் கொண்டுவருவேன். முழங்கை என்றால் முழங்கை மட்டும். மற்ற ஆள் எனக்குத் தேவையில்லை.

“பெரியம்மா, செத்த வீட்டிலை மூடினமாதிரி எல்லோ சனத்தை மூடி வைச்சிருக்கிறியள்” என்று பெறாமகள் சிரிப்பாள்.

ஒருமுறை ஓர் அம்மா விரிப்புக்குள்ளேயே நித்திரையாகிக் குறட்டை விட்டார். முன்னால் இருந்த கலியாணப் பொம்பிளை பயந்துபோனாள். இன்னொருமுறை சண்டிலிப்பாயிலிருந்து ஒரு புகையிலைத் தோட்டக்காரர் வந்தார். இலை முறித்து முறித்துக் கை கறுத்துக் கிடந்தது. மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கிற கை அப்படி இருக்கக் கூடாதாம். வலது கையைப் பூசி அனுப்பினேன். கலியாண வீடியோ முழுக்க அந்தக் கையையே எல்லாருக்கும் ஆட்டிக்கொண்டு நிற்கிறார்.

போன வருசம் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது, பெறாமகள் திரைக்குள் தலையை நீட்டினாள்.

“பெரியம்மா, கோப்பாய்ப் பொடியன் ஒருத்தர். கனடாவிலை இருந்து வந்திருக்கிறார். முதுகு.”

முதுகு என்றதும் எனக்கு நிம்மதி. முதுகுக்குக் கண் இல்லை. பொடியனைக் குப்புறப் படுக்கச் சொல்லி, விரிப்பால் மூடி, ஓட்டையைச் சரிசெய்தேன். உள்ளேயிருந்து ஒரு முகம் என்னை முறைத்துப் பார்த்தது. நான் வீரிட்டுக் கத்தினேன்.

“பயப்படாதேங்கோ அன்ரி” என்று விரிப்புக்குள்ளேயிருந்து குரல் வந்தது. “பச்சை குத்தினது. அது என்ரை அம்மா.”

கொஞ்சம் மூச்சு வந்த பிறகு குனிந்து பார்த்தேன். கொண்டை இருந்தது. தோடு இருந்தது. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது.

“அம்மாவுக்கு ஏன் தம்பி மீசை?”

“மீசை இல்லை அன்ரி. அம்மான்ரை பழைய அடையாள அட்டைப் படத்தைக் குடுத்துக் குத்தினனான். படத்திலை அந்த இடத்திலை சீல் விழுந்து கிடந்தது. குத்தினவன் வெள்ளைக்காரன். எங்கடை பொம்பிளையளுக்கு அப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சிட்டான்.”

நான் கத்தியதைக் கேட்டு வந்த பெறாமகளும் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும்.

“ஐயோ, உது உங்கடை பெரியப்பா எல்லோ!”

விரிப்புக்குள்ளே பொடியன் முனகினான். அதுதான் பிரச்சினை. மீசையோடு பார்த்தால் அது அவனுடைய அம்மா இல்லை. பக்கத்து வளவு வீட்டுப் பெரியப்பா, அதாவது தகப்பனின் தமையன். அந்த அம்மாவும் பெரியப்பாவும் முகம் பார்த்துக் கதைத்து வருசக்கணக்கு. குடும்பமாகக் கூழ் குடித்த ஒரு நாள், அம்மா பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழில் உப்புக் காணாது, குறைவு என்று அவர் சொல்லிவிட்டார். சபையில் சொல்லிவிட்டார் என்பதுதான் இவவின் கோபம். காணி பூமியில் ஒரு பிணக்கும் இல்லை. அந்த உப்புத்தான்.

“இவ்வளவு நாளும் எப்படித் தம்பி மறைச்சனீர்?”

“கிணத்தடியிலை சேட்டுக் கழட்டாமல்தான் குளிக்கிறன். கனடாவிலை எல்லாரும் அப்பிடித்தான் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். அம்மா அதை ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டா.”

ஆனால் தேருக்கு அந்தக் கதை சரிவராது. அவனுக்குக் கனடாவில் இருக்க அனுமதி கிடைத்தால் தேருக்குப் பின்னால் பிரதட்டை செய்விப்பேன் என்று அம்மா நேர்த்தி வைத்திருந்தார். வெறும் மேலோடு வீதி முழுக்க மணலில் உருள வேண்டும். உருளுகிற ஆண்களுக்குப் பின்னால் பெண்கள் விழுந்து கும்பிட்டுக் கும்பிட்டு அடியழித்துக்கொண்டு வருவார்கள். அவனுக்கு நேர் பின்னால் வரப்போவது அம்மா.

“ஒவ்வொரு உருளலுக்கும் ஒருக்காப் பெரியப்பா எழும்பி அம்மாவைப் பாப்பார் அன்ரி” என்றான் பொடியன்.

பெறாமகள் சிரிப்பை அடக்க முடியாமல் முன்னுக்கு ஓடிவிட்டாள்.

“கண்டால் அம்மா அடிப்பாவோ?”

“அடிச்சாப் பரவாயில்லை. அழுவா. அங்கை தனிய இருக்கேக்கை அம்மாவைப் பாக்க வேணும்போலை இருந்து குத்தினது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்து, அவவை விட்டிட்டு அந்த மனிசனைச் சுமந்துகொண்டு திரியிறன் எண்டு நினைச்சா எண்டால்…”

நான் களிம்புப் பெட்டியைத் திறந்தேன். முதலில் பச்சையின் நீலக்கறுப்பைக் கொல்ல ஒரு செம்மஞ்சள் பூச்சு, அதற்கு மேல் அவன் தோலின் நிறம். முறைப்பது நிற்கட்டும் என்று கண்களில்தான் தொடங்கினேன். மீசை லேசில் போகவில்லை. ஒற்ற ஒற்ற அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. கோடுகள் தெரிந்த இடமெல்லாம் இன்னொரு பூச்சு வைத்து, மீசைக்கு மட்டும் மேலே மேலே பூசித் தடிப்பாக்கிவிட்டேன். பவுடர் போட்டுத் தட்டியதும் முதுகு வெறும் முதுகாக இருந்தது. பெறாமகள் அவனைப் பின்வளவுக்குக் கூட்டிப்போய் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். சேம்பிலையில் விழுந்தமாதிரித் தண்ணீர் உருண்டு ஓடியது. பூச்சு அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள்ளே கொஞ்சம் பெருமைதான்.

தேரன்று விடியற்காலையில் வந்து புதிதாகப் பூசிக்கொண்டு போனான். என் பூச்சு நிற்கிறதா என்று பார்க்க நானும் கோயிலுக்குப் போனேன். தண்ணீர்ப் பந்தலில் அண்டாவுக்குப் பின்னால், என்னை ஒருவரும் காணாத இடத்தில் நின்றேன்.

தேர் அசைந்தது. ஆண்கள் உருண்டார்கள். வீட்டுக்காரர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். பொடியனின் ஈர முதுகு முழுக்க மணல் அப்பியது. பின்னால் அம்மா விழுந்து எழும்பி வந்துகொண்டிருந்தார், முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். தேர் இருப்பிடத்துக்கு வந்ததும் அவன் என் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டான். நான் அண்டாவுக்குப் பின்னால் இன்னும் குனிந்தேன்.

பிறகு பந்தலுக்குப் பக்கத்தில் கோயில் கிணற்றடியில் அவனுக்குத் தண்ணீர் வார்த்தார்கள். கையில் இருந்த மணல் போனது. நெஞ்சு மணலும் போனது. முதுகு மணல் மட்டும் முழுக்கப் போகவில்லை. என் களிம்பு தண்ணீருக்குத் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. கொதிமணலைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சூட்டில் இளகிய களிம்பில், பச்சைக் கோடுகளுக்கு மேலே எங்கெங்கே தடிப்பாகப் பூசினேனோ அங்கெல்லாம் மணல் பதிந்துவிட்டது. மணலாலேயே ஒரு முகம். எல்லாவற்றிலும் தடிப்பாக, சீவி விட்டமாதிரி, மீசை.

சனம் கூடிவிட்டது.

“முதுகிலை ஆரோ தெரியினம்! முருகனோ?”

“முருகனுக்கு உப்பிடி மீசை எங்கை கிடக்கு? ஐயனார்.”

“விலகுங்கோ, விலகுங்கோ” என்று சால்வையோடு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். முதுகைப் பார்த்தார். மெல்லத் தன் மீசையைத் தடவினார். பிறகு முதுகிலுள்ள மீசையைத் தடவினார். அவர் யார் என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை.

“எடேய், இது நான் எல்லோ” என்றார். குரல் உடைந்துவிட்டது. “என்னைச் சுமந்துகொண்டோடா தேர் சுத்தினனீ?”

துவாயோடு வந்த அம்மா அப்போதுதான் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அழுகைச் சத்தம் வரும் என்று நின்றால், வேறு சத்தம் வந்தது.

“ஆர் சொன்னது? உது நான்! உது என்ரை கொண்டை!”

“கொண்டை இல்லை, தலைப்பா.”

“தோடு? தோடும் உங்கடையோ?”

“காது எண்டால் கொஞ்சம் தடிப்பாத்தான் இருக்கும்” என்றார் பெரியப்பா.

உப்புக்குப் பிறகு அவர்கள் இருவரும் கதைத்த முதற்கதை அதுதான். நடுவில் நின்ற பொடியன் ஒருவர் பக்கமும் சொல்லவில்லை. பெரியப்பாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்த பிறகு எவன் வாய் திறப்பான்?

வீட்டில் மகன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம், அடுத்த நாள் தாயும் மகனும் என் திரைக்குள் வந்து நின்றார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“நீங்கள்தானே அக்கா பூசினது? முழுக்க மறைக்க வேண்டாம். அந்த மீசையை மட்டும் எடுத்துவிடுங்கோ.”

எடுத்துவிட்டேன். அந்த அம்மா விரிப்பின் ஓட்டைக்குள் கனநேரம் பார்த்தார். “மூக்குக் கொஞ்சம் பெரிசு” என்றார். பிறகு தன் நெற்றியில் ஒட்டியிருந்த பொட்டை எடுத்து, மகனின் முதுகிலுள்ள நெற்றியில் ஒட்டினார். “இப்ப ஆரும் வந்து சொல்லட்டும் பாப்பம்.” மகன் நிற்கிற நாள் முழுக்கத் தானே பூச வேண்டும் என்று, ஒற்றுகிற விதத்தையும் கேட்டுப் பழகி, ஒரு சின்னப் பெட்டிக் களிம்பும் வாங்கிக்கொண்டு போனார்.

மகன் கனடாவுக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் பெட்டியைத் திருப்பித் தர வந்தார். பாதி அப்படியே இருந்தது.

“பயணத்துக்கு முதல் நாள் அந்த மனிசன் படலையைத் திறந்துகொண்டு வந்திட்டுது அக்கா. கூழ் காய்ச்சி வைச்சிருந்தனான், குடிக்கச் சொன்னன். குடிச்சிட்டு, ‘தம்பி, ஒருக்காச் சேட்டைக் கழட்டு, பாத்திட்டுப் போறன்’ எண்டுது. பிள்ளை என்ரை முகத்தைப் பாக்கிறான்.”

“நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“குசினிக்குள்ளை கூப்பிட்டு, பொட்டைக் கழட்டி, தேங்காயெண்ணெயைத் தொட்டு மீசைக்கு மேலை பூசின களிம்பைத் துடைச்சு விட்டன். பாவம், அந்த மனிசனுக்கு வேறை ஆர் குத்தப்போகினம்? கனடாவிலையும் தான் திரியிறன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கட்டும்.”

எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்தே கேட்டேன்.

“அப்ப உப்பு?”

“ரெண்டு கோப்பை குடிச்சவர். ஒண்டும் சொல்லேல்லை” என்றார். திரையை விலக்கி வெளியே போக ஓர் அடி வைத்துவிட்டுத் திரும்பினார். “குறைச்சுத்தான் அக்கா போட்டனான். சொல்லுறாரோ எண்டு பாப்பமெண்டு.”